மண் வள அட்டையில் இல்லாத செலினியம்: அளப்பது எப்படி? அந்த எண் சொல்வது என்ன?

கார்வேட்டிநகரம் (சித்தூர் மாவட்டம்): மத்திய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிவைத்த திட்டத்தின் கீழ் விவசாயிகளுக்கு வழங்கப்படும் மண் வள அட்டையில் 12 அளவீடுகள் இடம்பெறுகின்றன. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமக் கார்பன் ஆகியவற்றுடன் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவை அதில் அச்சிடப்படுகின்றன. மனிதருக்கும் கால்நடைக்கும் இன்றியமையாத செலினியம் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இடம்பெறாததற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. மண் வள அட்டை பயிரின் தேவையைக் கணக்கிட்டு உரப் பரிந்துரை செய்வதற்காக உருவாக்கப்பட்டது. நெல்லுக்கோ நிலக்கடலைக்கோ செலினியம் கட்டாயத் தேவை என்று நிறுவப்படவில்லை. செலினியம் குறைந்த மண்ணிலும் பயிர் பசுமையாகவே வளரும்; மகசூல் குறையாது. ஆனால் அந்தத் தானியத்தை உண்பவருக்கும் வைக்கோலைத் தின்னும் மாட்டுக்கும் அந்தச் சத்து கிடைக்காமல் போகும். செலினியம் மிகுந்த மண்ணிலும் பயிர் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் நலமாகவே இருக்கும். நஞ்சு தானியத்தில் சேர்ந்திருக்கும். இரு நிலைகளிலும் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்பதால், அளவீடு ஒன்றே வழியாகிறது.

நெல், கரும்பு, நிலக்கடலை, மா ஆகியவற்றுடன் பால் மாடுகளையும் நம்பி வாழும் கார்வேட்டிநகரம் போன்ற பகுதிகளுக்கு இந்த அளவீடு ஏன் பொருள் உடையது, அது எவ்வாறு செய்யப்படுகிறது, கிடைக்கும் எண்ணை எவ்வாறு படிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறுகிய இடைவெளியில் ஒரு தனிமம்

சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1817-ல் செலினியத்தைக் கண்டறிந்து, கிரேக்கப் புராணத்தின் நிலவுத் தெய்வமான செலினியின் பெயரைச் சூட்டினார். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பகுதியில் மேய்ச்சல் கால்நடைகளின் ரோமம் உதிர்ந்து குளம்புகள் கழன்றதற்குக் காரணம் இதுவே என்பது 1930-களில் தெளிவானது. எனவே நீண்ட காலம் அது நஞ்சாக மட்டுமே கருதப்பட்டது. 1957-ல் கிளாஸ் ஸ்வார்ஸ் என்ற அறிவியலாளர் எலிகளின் கல்லீரல் சிதைவைச் செலினியம் தடுப்பதைக் காட்டிய பிறகே அது ஒரு சத்து என்றும் ஏற்கப்பட்டது. உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் பகுதியாகச் செலினியம் உள்ளது என்பது 1973-ல் உறுதியானது. தைராய்டு சுரப்பு நீரைச் செயல்நிலைக்கு மாற்றும் நொதிகளிலும் அது உள்ளது.

இந்தியர்களுக்கு நாள் ஒன்றுக்கு 40 மைக்ரோகிராம் செலினியம் போதுமானது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. அமெரிக்காவில் வயது வந்தோருக்கான பரிந்துரை 55 மைக்ரோகிராம். தாண்டக் கூடாத மேல் எல்லை 400 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ பத்து மடங்கு மட்டுமே. உணவுச் சத்துகளில் இவ்வளவு குறுகிய இடைவெளி கொண்டவை மிகச் சில.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒருவர் நாள்தோறும் 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அந்த அரிசியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் செலினியம் இருந்தால் அவருக்கு அரிசியிலிருந்து 20 மைக்ரோகிராம் கிடைக்கும், தேவையில் பாதி. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் 80 மைக்ரோகிராம் கிடைக்கும். தேவைக்கு மேல், ஆனால் பாதுகாப்பான அளவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருந்தால் 4,000 மைக்ரோகிராம் உடலுக்குள் செல்லும். அது மேல் எல்லையைப் போல் பத்து மடங்கு. மூன்று அரிசியும் தட்டில் ஒரே மாதிரி இருக்கும்.

பஞ்சாபில் வெளுத்த கோதுமை

இந்தியாவில் இந்தச் சிக்கல் மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் பஞ்சாப். சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள நவான்ஷகர் (தற்போதைய ஷஹீத் பகத் சிங் நகர்), ஹோஷியார்பூர் மாவட்டங்களின் சில கிராமங்களில் கோதுமைப் பயிரின் இலைகள் பனி படர்ந்தது போல் வெளுத்தன. அப்பயிரையும் வைக்கோலையும் தின்ற மாடுகளுக்கு ரோமம் உதிர்ந்தது. கொம்பு, குளம்புகளில் வெடிப்பு ஏற்பட்டுக் கழன்றன. மனிதர்களிடமும் முடி உதிர்தல், நகச் சிதைவு ஆகியவை காணப்பட்டன. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியலாளர்கள் கே.எஸ். தில்லான், எஸ்.கே. தில்லான் ஆகியோர் மண், பயிர், கால்நடை மாதிரிகளைத் தொடர்ந்து அளந்து, 1990-களின் தொடக்கத்தில் காரணம் செலினியம் எனப் பதிவு செய்தனர்.

மலைகளிலிருந்து மழைக்கால ஓடைகள் கொண்டுவந்து படியவைத்த வண்டல் வழியாகச் செலினியம் அந்த வயல்களுக்கு வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒவ்வொரு பாசனத்திலும் சிறிது சேர்த்தது. நெற்பயிருக்கு அதிக நீர் பாய்ச்சப்படுவதால், நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிடப்பட்ட வயல்களில் சேர்க்கை கூடுதலாக இருந்தது.

இந்த ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட வயல்களின் மேல்மண்ணில் மொத்தச் செலினியம் கிலோவுக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே இருந்தது. உலக மண்களின் சராசரி கிலோவுக்குச் சுமார் 0.4 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால் அது மலைக்கத்தக்க எண் அன்று. எனினும் அங்கே விளைந்த கோதுமையில், கால்நடைத் தீவனத்துக்கு அபாய எல்லையாகக் கருதப்படும் கிலோவுக்கு 5 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டிய அளவுகள் பதிவாயின. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதில் எவ்வளவு பயிரின் வேருக்கு எட்டுகிறது என்பதே விளைவைத் தீர்மானித்தது.

ஒரே தனிமம், பல வடிவங்கள்

செலினியம் மண்ணில் பல வேதி வடிவங்களில் உள்ளது. காற்றோட்டமுள்ள கார மண்ணில் அது பெரும்பாலும் செலினேட்டாக இருக்கும். இது நீரில் எளிதில் கரைந்து வேரால் உறிஞ்சப்படும். பஞ்சாபின் பாதிக்கப்பட்ட வயல்கள் கார மண் வகையைச் சேர்ந்தவை. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அது செலினைட்டாக மாறும். இது இரும்பு ஆக்சைடுகளோடு இறுகப் பிணைந்துகொள்ளும். நீர் தேங்கிய நெல் வயலில் ஆக்சிஜன் குறைவதால் தனிமச் செலினியமாகவோ செலினைடாகவோ மாறிப் பயிருக்கு எட்டாமல் போகலாம்.

சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி நிலம் செம்மண். அதன் செந்நிறமே இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. இத்தகைய மண்ணில் செலினைட் பிணைப்பு வலுவாக இருக்கும் என்பதால், மண்ணின் மொத்த அளவை மட்டும் பார்த்துத் தானியத்தின் அளவைக் கணிக்கக் கூடாது. ஒரே கிராமத்தில் மானாவாரிச் செம்மண் மேட்டில் விளையும் நிலக்கடலையும், ஏரிக்குக் கீழே நீர் நின்ற வயலில் விளையும் நெல்லும் வேறு வேறு செலினிய அளவைக் காட்டக்கூடும்.

பயிர்களின் இயல்பும் மாறுபடும். அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளரும் சில அஸ்ட்ராகலஸ் செடிகள் செலினியத்தைத் தேடிச் சேர்ப்பவை. அவற்றின் உலர்ந்த இலையில் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேலும் சேரும். கடுகு, முட்டைக்கோசு குடும்பப் பயிர்கள் இடைநிலையில் உள்ளவை. நெல், கோதுமை, சோளம் போன்ற புல்லினத் தானியங்கள் குறைவாகச் சேர்ப்பவை. ஆனால் நாள்தோறும் அதிக அளவில் உண்ணப்படுவதால் உணவுக் கணக்கில் தானியமே முதன்மை பெறுகிறது.

கந்தகத்துக்கும் செலினியத்துக்கும் வேதியியல் ஒற்றுமை இருப்பதால் இரண்டும் வேரில் ஒரே வாயில் வழியாக நுழையப் போட்டியிடுகின்றன. சல்பேட் மிகுந்தால் செலினேட் உறிஞ்சல் குறையும். இதனாலேயே பஞ்சாபின் நச்சு வயல்களுக்கு ஜிப்சம் இடுமாறு பரிந்துரைக்கப்பட்டது. நிலக்கடலைக்குப் பூக்கும் பருவத்தில் ஜிப்சம் இடுவது ஆந்திர, தமிழக விவசாயிகளின் பழகிய நடைமுறை. நச்சு நிலத்தில் காப்பாக அமையும் அதே ஜிப்சம், செலினியம் குறைந்த நிலத்தில் இருக்கும் சிறிதளவையும் பயிர் எடுப்பதைக் குறைக்கக்கூடும். நிலத்தின் அளவு தெரிந்தால்தான் இரண்டில் எது நிகழ்கிறது என்று சொல்ல முடியும்.

மாதிரி எடுப்பதில் தொடங்குகிறது அளவீடு

ஆய்வகக் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், தவறாக எடுத்த மாதிரிக்குத் தவறான விடையே கிடைக்கும். மண் வள அட்டைக்கான நெறிமுறைப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒன்றும் மாதிரி எடுக்கப்படுகிறது. செலினியம் சில மீட்டர் தூரத்திலேயே மாறக்கூடியது என்பதால், ஐயத்துக்குரிய நிலத்தில் இதைவிட நெருக்கமாக எடுப்பது நல்லது.

வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து முதல் பதினைந்து இடங்களில் மேற்பரப்புக் குப்பையை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரம் இட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சேர்த்த மண்ணைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மாந்தோப்பில் வேர் ஆழமாகச் செல்வதால் பல ஆழங்களில் தனித்தனி மாதிரிகள் தேவை.

பயிர் மாதிரியை மண் எடுத்த அதே இடத்திலிருந்து எடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். இலைகளில் ஒட்டிய புழுதியைக் கழுவ வேண்டும். இல்லையெனில் இலையின் அளவுடன் மண்ணின் அளவும் கலந்துவிடும். செலினியத்தின் சில சேர்மங்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. எனவே மாதிரிகளை அதிக வெப்பத்தில் காய வைக்காமல் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் உலர்த்துவது வழக்கம். பாசன நீரையும் தூய பாட்டிலில் தனியே எடுக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் செலினியத்தை எல்லையாக வைத்துள்ளது.

ஆய்வகத்தில் நடப்பது

அளக்க வேண்டிய அளவு எவ்வளவு சிறியது என்பதை ஓர் எடுத்துக்காட்டு உணர்த்தும். ஒரு ஹெக்டேர் நிலத்தின் 15 சென்டிமீட்டர் மேல்மண் ஏறத்தாழ 22 லட்சம் கிலோ எடை கொண்டது. அதில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் செலினியம் இருந்தால், அந்த ஹெக்டேர் முழுவதிலும் உள்ள மொத்தச் செலினியம் ஒரு கிலோவை எட்டாது. சோதனைக் குழாயில் எடுக்கும் ஒரு கிராம் மண்ணில் இருப்பது 0.4 மைக்ரோகிராம் மட்டுமே.

முதல் படி கரைத்தல். மண்ணோ அரைத்த தானியமோ நைட்ரிக் அமிலத்துடன் பெர்குளோரிக் அமிலம் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துச் சூடாக்கப்படுகிறது. மூடிய கலத்தில் நுண்ணலை அடுப்பில் கரைக்கும் முறையும் உண்டு. வேறு பல தனிமங்களுக்குச் செய்வதுபோல் மாதிரியை உலையில் எரித்துச் சாம்பலாக்கினால் செலினியம் ஆவியாகி வெளியேறும். குறைவான எண் கிடைக்கும்.

இரண்டாவது படி அளத்தல். இதற்கு மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

முதலாவது ஒளிர்வு முறை. டைஅமினோநாப்தலீன் என்ற சேர்மம் செலினைட்டுடன் வினைபுரிந்து, புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் பொருளைத் தருகிறது. ஒளிர்வின் அளவிலிருந்து செலினியத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. கருவிச் செலவு குறைவு. கைவேலையும் கவனமும் அதிகம்.

இரண்டாவது ஹைட்ரைடு முறை. கரைசலில் உள்ள செலினேட், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கப்பட்டுச் செலினைட்டாக மாற்றப்படுகிறது. பிறகு சோடியம் போரோஹைட்ரைடு சேர்க்கப்படும்போது ஹைட்ரஜன் செலினைடு என்ற வாயு உருவாகிறது. அந்த வாயு வெப்பமான குவார்ட்ஸ் குழாய்க்குள் செலுத்தப்பட்டு, 196 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் பதிவாகிறது. இம்முறையில் செலினேட்டைச் செலினைட்டாக மாற்றும் இடைப்படியைத் தவறவிட்டால், செலினேட் கணக்கில் வராமலே போய்விடும். நஞ்சு மிகுந்த கார மண்ணுக்கும் ‘பாதுகாப்பானது’ என்ற அறிக்கை வரக்கூடும்.

மூன்றாவது பிளாஸ்மா நிறை நிறமாலைமானி. ஆர்கான் வாயுவின் மிகை வெப்பப் பிளாஸ்மாவில் மாதிரி அயனிகளாகப் பிரிக்கப்பட்டு, நிறையின்படி எண்ணப்படுகிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செலினியத்தின் அணுக்களில் ஏறத்தாழ பாதி 80 என்ற நிறை கொண்டவை. இரண்டு ஆர்கான் அணுக்கள் சேர்ந்தாலும் நிறை 80 ஆகும். கருவி இரண்டையும் வேறுபடுத்தாமல் எண்ணினால் இல்லாத செலினியம் இருப்பதாகத் தோன்றும். எனவே 78 அல்லது 82 நிறையுள்ள அணுக்களை எண்ணுவார்கள். அல்லது ஹைட்ரஜன் போன்ற வாயு நிரப்பிய மோதல் அறை வழியாக அயனிகளைச் செலுத்தி ஆர்கான் இணைகளை நீக்குவார்கள்.

எந்த முறையாயினும் மூன்று காப்புகள் தேவை. மாதிரி சேர்க்காமல் அமிலத்தை மட்டும் வைத்துச் செய்யும் வெற்றுச் சோதனை முதலாவது. அமிலத்திலோ கலத்திலோ உள்ள கலப்படத்தை அது காட்டும். ஒரே மாதிரியை இருமுறை அளந்து ஒப்பிடுவது இரண்டாவது. செலினிய அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட அரிசி மாவு, கோதுமை மாவு, மண் ஆகிய சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்களை மாதிரிகளுக்கிடையே வைத்து அளப்பது மூன்றாவது. அந்த ஒப்பீட்டுப் பொருளுக்குச் சரியான விடை வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம்.

எண்ணைப் படிப்பது எப்படி?

மண் அறிக்கையில் இரண்டு வகை எண்கள் வரலாம். ஒன்று மொத்தச் செலினியம். மற்றொன்று வெந்நீரிலோ உப்புக் கரைசலிலோ கரைந்து வரும், பயிருக்கு எட்டும் செலினியம். இரண்டாவது எண் முதலாவதில் ஒரு சிறு பங்கே. இரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு தலைகீழாகும். மொத்தச் செலினியத்தைப் பொறுத்தவரை, சீன ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் கிலோவுக்கு 0.125 மில்லிகிராமுக்குக் குறைந்தது பற்றாக்குறை மண், 0.4 முதல் 3 மில்லிகிராம் வரை செலினியம் வளமான மண். 3 மில்லிகிராமுக்கு மேல் மிகை மண்.

அந்த வகைப்பாடு சீனாவின் கசப்பான அனுபவத்திலிருந்து உருவானது. அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள கேஷான் பகுதியில் 1935-ல் இதயத் தசையைத் தாக்கும் கொடிய நோய் பதிவானது. பின்னர் அப்பெயரிலேயே அறியப்பட்ட அந்த நோய் பரவிய பகுதிகளின் தானியங்களில் செலினியம் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தது. 1970-களில் சிச்சுவான் மாகாணத்தில் குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் பெருமளவு குறைந்தது. அதே நாட்டின் ஹூபெய் மாகாணத்தில் உள்ள என்ஷியில் 1961 முதல் 1964 வரை நேர்மாறானது நிகழ்ந்தது. செலினியம் செறிந்த கரிப் பாறைகளிலிருந்து மண்ணுக்கும் பயிருக்கும் சென்ற செலினியத்தால் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. மிகவும் பாதிக்கப்பட்ட கிராமங்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நோயுற்றனர்.

அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் ஆபத்து. பஞ்சாப், ஹரியாணா பகுதிகளில் வைக்கோல் தின்ற எருமைகளின் வால், காது, கால் நுனிகள் அழுகும் டெக்நாலா நோய்க்குச் செலினிய நஞ்சே காரணம் என ஒரு காலத்தில் கருதப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் ஈர வைக்கோலில் வளரும் பூஞ்சைகளின் நஞ்சைச் சுட்டின. வைக்கோலில் செலினியத்தையும் பூஞ்சையையும் தனித்தனியே அளந்தால்தான் இவற்றை வேறுபடுத்த முடியும்.

அளந்து திருத்திய பின்லாந்து

அளவீட்டை அரசுக் கொள்கையாக்கிய நாடு பின்லாந்து. அந்நாட்டு மண்ணில் பயிருக்கு எட்டும் செலினியம் மிகக் குறைவு. 1984-ல் எடுத்த முடிவின்படி, உரங்களில் சோடியம் செலினேட் சேர்ப்பது தொடங்கியது. தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், புல் தீவன உரத்தில் 6 மில்லிகிராம் என அளவு வைக்கப்பட்டது. தானியத்தின் செலினியம் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. தானியம், பால், இறைச்சி, மக்களின் ரத்தம் ஆகியவை தொடர்ந்து அளக்கப்பட்டன. உயர்வு தேவைக்கு மேல் சென்றதாகத் தெரிந்தபோது 1990-களின் தொடக்கத்தில் உர அளவு குறைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் சிறிது உயர்த்தப்பட்டது. முதலில் சேர்ப்பதும் பிறகு அளப்பதும் அன்று, அளந்துகொண்டே சேர்ப்பதே அத்திட்டத்தின் வெற்றி.

அளக்காமல் சேர்த்ததன் விலைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் போட்டிக்காகக் கொண்டுவரப்பட்ட 21 போலோ குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அவற்றுக்குச் செலுத்தப்பட்ட சத்து மருந்தில் செலினியத்தின் அளவு தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தது. மனிதர்களிடமும் ‘கூடுதல் என்றால் நன்மை’ என்ற எண்ணம் மெய்ப்படவில்லை. 35 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்களைக் கொண்டு வட அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய ஆய்வில், நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் உட்கொண்டது புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை எனத் தெரிந்து, 2008-ல் மாத்திரை வழங்குவது நிறுத்தப்பட்டது.

கார்வேட்டிநகரத்துக்கு இதன் பொருள்

கார்வேட்டிநகரத்தை ஒட்டிய கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து திறக்கப்படும் நீர், கொசஸ்தலை ஆறு வழியாகத் தமிழகத்தின் பள்ளிப்பட்டைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கம் நோக்கிச் செல்கிறது. மண்ணும் நீரும் மாநில எல்லையைப் பார்த்துப் பாய்வதில்லை. ஓரிடத்தின் மண் அளவீடு அந்த ஊருக்கு மட்டும் உரியதாக இல்லாமல், கீழ்ப்பாசனப் பகுதிக்கும் பயன் தரும்.

இன்னொரு மாற்றமும் கவனத்துக்குரியது. முன்பு தன் நிலத்து நெல்லையும் கேழ்வரகையும் உண்ட குடும்பங்கள் இன்று நியாய விலைக் கடை அரிசியையும் சந்தை கோதுமையையும் உண்கின்றன. பல ஊர்த் தானியங்கள் கலப்பதால், ஓர் ஊர் மண்ணின் குறையோ மிகையோ உண்பவரை முழுமையாகத் தாக்காமல் நீர்த்துப்போகிறது. இது ஒரு காப்பு. ஆனால் சொந்த வைக்கோலையும் சோளத் தட்டையையும் மட்டுமே தின்னும் மாட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. எனவே உள்ளூர் மண்ணின் நிலையை முதலில் காட்டுவது கால்நடையாகவே இருக்கும். செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்க்கப்படுகின்றன. செலினியம் அதில் சேர்க்கப்படுவதில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் பகுப்பாய்வு அட்டவணையில், நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து திரட்டிய 528 உணவுப் பொருள்களின் சத்துகள் தரப்பட்டுள்ளன. அவற்றில் செலினியமும் ஒன்று. சராசரி உணவுக்கு அது வழிகாட்டும். குறிப்பிட்ட வயலின் விளைச்சலுக்கு அந்தச் சராசரி பொருந்துமா என்பதை அந்த வயலின் மாதிரியே சொல்லும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

* மண் வள அட்டையில் ‘போதுமானது’ என்ற குறிப்பு செலினியத்தை உள்ளடக்கியது அன்று.

* செலினியச் சோதனை வேண்டுமானால், மாதிரி கொடுக்கும் முன் ஆய்வகத்தில் ஹைட்ரைடு வசதியோ பிளாஸ்மா நிறை நிறமாலைமானியோ உள்ளதா என்று கேட்க வேண்டும். திருப்பதி வேளாண் கல்லூரி, வேளாண் அறிவியல் நிலையங்கள், கால்நடை மருத்துவர்கள் ஆகியோரிடம் முதலில் ஆலோசனை பெறலாம்.

* மண்ணை மட்டும் அளக்காமல், அதே வயலின் தானியம், வைக்கோல், பாசன நீர் ஆகியவற்றையும் சேர்த்து அளப்பதே பயன் தரும்.

* அறிக்கையில் மொத்த அளவா, கரையும் அளவா, எந்த அலகு என்பதைப் பார்க்க வேண்டும். மில்லிகிராமை மைக்ரோகிராமாகப் படித்தால் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

* அளவீடு இல்லாமல் செலினியம் கலந்த தெளிப்பு உரத்தையோ மாத்திரையையோ பயன்படுத்தக் கூடாது. கால்நடைக்கான தாதுக் கலவையையும் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளுக்கும் காரணம் அந்தக் குறுகிய இடைவெளியே. தழைச்சத்தைச் சிறிது கூடுதலாக இட்டால் பயிர் சாயும். அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மண்ணில் சேர்ந்த செலினியத்தை வெளியேற்றுவதோ எளிதன்று. பஞ்சாபில் கடுகு போன்ற பயிர்களை வளர்த்து, அறுத்து அகற்றிச் சிறிது சிறிதாகவே குறைக்க முயன்றனர். அளவை முன்கூட்டியே அறிந்துகொள்வது, பின்னால் திருத்துவதைக் காட்டிலும் செலவு குறைந்த வழி.